தோட்டத்துக் கேமராவும் இரவு மின்சாரமும்: 4 ஆண்டு அனுபவம்

பறவைகளுக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டி காலையில் பார்த்தால் கவிழ்ந்து கிடக்கும். யார் வேலை என்று கண்டுபிடிக்கத்தான் 4 ஆண்டுகளுக்கு முன், விலங்கு வந்தால் தானாகப் படம் எடுக்கும் ட்ரெயில் கேமராவை முதன்முதலாக வாங்கினேன். முதல் 3 வாரம் பூனை, எலி, ஒருநாள் சட்டி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த ஆந்தை என்று நிறையப் படங்கள் கிடைத்தன. சட்டி கவிழும் கணம் மட்டும் எதிலும் இல்லை. அப்புறம் திடீரென்று இரவுப் படங்களே நின்றுபோயின. பகலில் குருவியும் அணிலும் வழக்கம்போல் பதிவாகிக்கொண்டிருந்தன. பேட்டரி அளவும் பாதிக்கு மேல் காட்டியது. சரி, இரவு விருந்தாளிகள் இடம் மாறிவிட்டார்கள் போல என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் வந்துட்டுத்தான் போகுது. உன் கேமராதான் தூங்குது" என்று அம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது.

பேட்டரிகளைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். ஒவ்வொன்றும் 1.3 வோல்ட். பார்வைக்கு ஆரோக்கியம்தான். ஆனால் பகலில் படம் எடுக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும். இரவில் அகச்சிவப்பு எல்.இ.டி.க்கள் எல்லாம் ஒன்றாக எரிய வேண்டும். சாதாரண ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். பாதி தீர்ந்த நிலையில் அந்தத் திடீர்ச் சுமையைத் தாங்காமல் வோல்டேஜ் தடாலென்று சரியும், கேமரா அணைந்துவிடும். காலையில் மறுபடி ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்யும்.

அதன் பிறகு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளுக்கு மாறினேன். 1.2 வோல்ட்தானே என்று முதலில் தயங்கினேன். ஆனால் அவை கிட்டத்தட்டக் கடைசிவரை அந்த 1.2-ஐ விடாமல் பிடித்துக்கொள்கின்றன, இரவுச் சுமைக்கும் அசருவதில்லை. சும்மா வைத்திருந்தால் சார்ஜ் அதிகம் இறங்காத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: சில கேமராக்கள் 1.5 வோல்ட்டை மட்டும் நம்பி வடிவமைக்கப்பட்டவை. முழுச் சார்ஜிலும் பாதி என்றே காட்டும், சில சமயம் அணைந்தும் போகும். வாங்கும் முன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். கடுங்குளிரில் வைப்பவர்களுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் வகை 1.5 வோல்ட் பேட்டரிதான் சரி. தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான், சார்ஜ் செய்ய முடியாது. பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. நான் ஒரு செட்டுக்குச் சிவப்புப் புள்ளி, இன்னொரு செட்டுக்கு நீலப் புள்ளி வைத்திருக்கிறேன்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மெகாபிக்சலைப் பார்த்து வாங்கியது என் முட்டாள்தனம். பெரும்பாலும் அது சின்னச் சென்சார் எடுத்த படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கிய கணக்கு. உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு எல்.இ.டி. தூரம்வரை வெளிச்சம் தரும், ஆனால் இருட்டில் மெல்லிய சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, வீச்சு குறைவு. சின்னத் தோட்டத்துக்கு நான் 940 என்றே சொல்வேன். அதைவிட முக்கியம், கிட்டத்தில் எவ்வளவு தூரம்வரை தெளிவாக எடுக்கும் என்பது. என் கேமராவில் ஒன்றரை மீட்டருக்குள் வந்த குருவியெல்லாம் பஞ்சுருண்டைதான்.

அதற்கு ஒரு மலிவான வழி கண்டேன். பழைய படிக்கும் கண்ணாடியிலிருந்து +2 பவர் லென்ஸைக் கழற்றி முன்னால் ஒட்டினால் சுமார் அரை மீட்டரில் இறகு இறகாகத் தெரிகிறது. ஆனால் முதல் தடவை ஒட்டியபோது கேமரா முகம் முழுவதையும் மறைத்துவிட்டேன். இரண்டு நாள் ஒரு படமும் இல்லை. உடல் வெப்பத்தை உணரும் பி.ஐ.ஆர். சென்சாருக்குக் கண்ணாடி என்பது சுவர் மாதிரி. ஜன்னலுக்கு உள்ளே இருந்து ட்ரெயில் கேமராவை வைத்தால் வேலை செய்யாததும் இதனால்தான். லென்ஸுக்கு முன்னால் மட்டும் ஒட்டுங்கள், சென்சாரைத் திறந்து விடுங்கள்.

இந்தச் சென்சாருக்கு வேறு குணங்களும் உண்டு. நேராக வருவதைவிடக் குறுக்கே போவதைச் சட்டென்று பிடிக்கும். சுற்றுப்புறமே உடல் சூட்டுக்கு நெருக்கமாக இருக்கும் மதியத்தில் மந்தமாகிவிடும். வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினால் விலங்கு என்று நினைத்துக்கொள்ளும். ஒரே நாளில் ஒரு செடியை மட்டும் 1,400 படம் எடுத்துத் தந்தது. பேட்டரியும் அன்றே காலி.

இரண்டாவதாக வாங்கியது சோலார் பேனலுடன் வரும் வைஃபை கேமரா. கைபேசியிலேயே பார்க்கலாம் என்ற வசதி உண்மைதான். ஆனால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறது; எழுந்து பதிவு தொடங்குவதற்குள் பறவையின் வால்தான் மிச்சம். மரத்தடியில் வைத்ததால் பேனலுக்கும் நிழல். பேனலைத் தனியாகக் கழற்றி 3 மீட்டர் ஒயரில் வெயில் படும் கம்பத்துக்கு மாற்றிய பிறகே சமாளித்தது. வைஃபை சிக்னல் பலவீனமாக இருந்தால் படம் அனுப்ப அதிக நேரம் பிடிக்கும், பேட்டரி அந்த வழியிலும் கரையும். எனக்கு இது பாதித் திருப்திதான்.

மூன்றாவது, ஒயரில் இயங்கும் கேமரா. முதலில் 12 வோல்ட் அடாப்டரை வீட்டுக்குள் வைத்து, கையில் கிடந்த மெல்லிய ஒயரை 20 மீட்டர் இழுத்தேன். பகலெல்லாம் அருமை. இருட்டி எல்.இ.டி. எரிந்ததும் அணைந்து, எழுந்து, மறுபடி அணைந்து... பழைய பேட்டரி நோயேதான், இந்த முறை ஒயரில். நீளமான மெல்லிய ஒயரில் போகும் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடுகிறது. பேட்டரி, சோலார் வைத்து ஓட்டலாமா என்றும் கணக்குப் போட்டேன். 5 வாட் கேமரா ஒரு நாளைக்கு 120 வாட்-மணி தின்னும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் மொத்தமே 84 வாட்-மணி. ஆயுள் கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

கடைசியில் பி.ஓ.இ. கேமராவுக்கு மாறினேன். ஒரே ஈதர்நெட் கேபிளில் படமும் மின்சாரமும் போகும், 100 மீட்டர்வரை இழுக்கலாம். சுமார் 48 வோல்ட்டில் அனுப்புவதால் வழியில் ஆகும் இழப்பு மிகக் குறைவு. வீட்டு மின்சாரம் சுவருக்கு உள்ளேயே நின்றுவிடுவதும் நிம்மதி. கேபிளைக் குழாய்க்குள் புதைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது, முதுகும் போனது. தோண்ட முடிகிற சொந்தத் தோட்டம் இருந்தால் இதையே பரிந்துரைப்பேன். இல்லையென்றால் ட்ரெயில் கேமராவும் 2 செட் ரீசார்ஜ் பேட்டரியும் போதும். எதுவானாலும் வாரம் ஒருமுறை லென்ஸ் முன்னால் சிலந்தி வலை துடைக்கும் வேலை நமக்கு உண்டு.

இந்த பி.ஓ.இ. கேமரா தூங்காமல் இரவு முழுவதும் பதிவு செய்கிறது. அதனால்தான் சட்டியின் கதை தெரிந்தது. நள்ளிரவு தாண்டியதும் ஒரு தவளை வந்து தண்ணீருக்குள் அமர்கிறது. உடல் சூடு சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போவதால் பழைய கேமராவின் சென்சாருக்கு அது இல்லவே இல்லை. சற்று நேரத்தில் பூனை வருகிறது, விளிம்பில் இரண்டு முன்கால்களையும் வைத்து எட்டுகிறது. சட்டி சாய்கிறது, தவளை செடிக்குள் பாய்கிறது. பழைய கேமரா விழித்தது அதற்குப் பிறகுதான். கவிழ்ந்த சட்டிக்குப் பக்கத்தில் அப்பாவியாக நிற்கும் பூனைப் படம் என்னிடம் 11 இருக்கிறது. இப்போது கனமான கல்தொட்டி வைத்திருக்கிறேன். தவளை இன்னும் வருகிறது.