பின் நம்பர் செல்லாத கதவு: வீட்டு நெட்வேர்க்கில் ஃபைல் பகிர்ந்த அனுபவம்

ஐப்பசி இடிமின்னலில் ரவுட்டர் எரிந்து போனது. மட்டக்களப்பில் இது புதுச் செய்தியில்லை. புது ரவுட்டரைப் பூட்டியதும் இன்டர்நெட் வந்துவிட்டது, ஆனால் வீட்டுக் கொம்பியூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. அதைத் திரும்பச் சரிக்கட்டிய சூட்டோடு எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லடியில் வீடும் ஸ்டூடியோவும் ஒன்றுதான். கீழே பழைய டெஸ்க்டொப்பில் கலியாணப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் கிடக்கும். எடிட்டிங் மேல்மாடியில், இன்னொரு கொம்பியூட்டரில். மனைவியின் லெப்டொப் பாடசாலை வினாத்தாள்களுக்கு. மூன்றும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பொது ஷேர் போல்டர். விண்டோஸோடு வருகிற வசதிதான், தனிச் செலவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேபிள் போட்டால் இது பறக்கும். பழைய ரவுட்டரின் போர்ட்டுகள் 100 மெகாபிட் வகை. செக்கனுக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல் ஏறாது. 64 ஜிபி கமெரா கார்ட் ஒன்றில் உள்ளதை மேலே கொண்டு போக ஒன்றரை மணித்தியாலம். கொம்பியூட்டர்களைக் கேபிளால் இணைக்கிற, பத்து மடங்கு வேகமான ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி, அதற்கு ஏற்ற கேட்5ஈ கேபிள் இழுத்த பிறகு அதே வேலை பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிறது. கொன்கிறீட் தட்டைத் தாண்டி வருகிற வைஃபையை நம்பி இருந்த காலத்தை நினைக்கவே விருப்பமில்லை. இன்டர்நெட் டேட்டா செலவாகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. ஃபைல் வீட்டுக்குள்ளேயேதான் ஓடுகிறது. லைன் அறுந்து கிடந்தாலும் ஓடும்.

ரவுட்டர் மாறியதும் ஏன் நின்றது? விண்டோஸ் அதைப் புது நெட்வேர்க் என்று எடுத்து 'பப்ளிக்' வகையில் போட்டுவிட்டது. பஸ் ஸ்டாண்ட் வைஃபையில் இருப்பதுபோல் எல்லாக் கதவையும் பூட்டிக்கொள்ளும். 'பிரைவேட்' என்று மாற்றினால் திறக்கும். ரவுட்டர் ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் கொடுக்கிற இலக்க முகவரியும் மாறியிருந்தது: பழையது 192.168.1 வரிசை, புதியது 192.168.8. ஷேர் போல்டரை ஒரு டிரைவ் போலக் காட்ட மேப் செய்வோம்; இலக்கத்தை வைத்து மேப் செய்த டிரைவ் செத்துவிடும், கொம்பியூட்டரின் பெயரை வைத்துச் செய்தது பிழைக்கும்.

இதெல்லாம் ஒரு பின்னேர வேலை. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மற்றக் கொம்பியூட்டருக்குள் போகும்போது திரையில் வந்து பாஸ்வேர்ட் கேட்கிற அந்தப் பெட்டி.

கீழே உள்ள கொம்பியூட்டரைக் காலையில் நாலு இலக்கப் பின் நம்பர் அடித்துத்தான் திறக்கிறோம். மேலே இருந்து அதற்குள் போகக் கேட்டால் அந்த நம்பர் செல்லாது. "இஞ்ச பாருங்க, நான் சரியாத்தான் அடிக்கிறன், பிழை எண்டு சொல்லுது" என்று மனைவி கூப்பிடுகிறபோது என்னிடம் குறுகிய பதில் இல்லை. பின் நம்பர் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் உரியது, நெட்வேர்க்கில் அது போவதே இல்லை. வெளியிலிருந்து வருபவர் கணக்கின் முழுப் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். ஈமெயில் கணக்கால் விண்டோஸுக்குள் போகிறவர்களுக்கு அது அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட். கடைத் தம்பி கொம்பியூட்டரை அமைத்துத் தந்த நாளுக்குப் பிறகு யார் அதை அடித்தார்கள்?

நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வனாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இதே ஃபைல் பகிர்வு முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 வழியாகத்தான். அந்த வருடக் கடைசியிலிருந்து விண்டோஸ் 10இல் அதைப் படிப்படியாக எடுத்துவிட்டார்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ வகையில், பாஸ்வேர்ட் இல்லாத 'கெஸ்ட்' நுழைவுக்கும் தடை. சரி, கம்பனிகளுக்கு அது வேண்டும். கீழ்மாடிக்கும் மேல்மாடிக்கும் இடையில் எந்தக் கள்ளன் நிற்கிறான்? விண்டோஸ் 7 காலத்தில் ஹோம்குரூப் இருந்தது. வீட்டுக்கே ஒரு பாஸ்வேர்ட், ஒருமுறை அடித்தால் போதும். 2018இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

வழி உண்டு. ஃபைல் உள்ள கொம்பியூட்டரில் ஈமெயில் இல்லாத லோக்கல் கணக்கு ஒன்றைத் திறந்து, பாஸ்வேர்ட் வைத்து, மற்றக் கொம்பியூட்டர்களில் அதைச் சேமித்துவிட வேண்டும். போல்டரின் ப்ரொபர்ட்டீஸில் ஷேரிங் பக்கத்தில் அனுமதி கொடுத்தால் மட்டும் காணாது, செக்யூரிட்டி பக்கத்திலும் அதே கணக்குக்குக் கொடுக்க வேண்டும். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். (பாமினி எழுத்துருவில் அடித்த கலியாண அட்டை மேலே போய் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தால் ஷேரிங்கைத் திட்ட வேண்டாம். ஃபைல்தான் போகும், எழுத்துரு கூடவே போகாது.)

அக்கரைப்பற்றில் ஸ்டூடியோ வைத்திருக்கிற நண்பன் கேட்கிறான்: "மச்சான், எனக்கும் இப்பிடி ஒண்டு செஞ்சு தருவியா?" இவ்வளவு வேகம், இவ்வளவு மலிவு என்று எழுதியவன் ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். மாட்டேன். மச்சான், ஒரு ஹார்ட் டிஸ்கை வாங்கிக் கையில் கொண்டு திரி. அந்தப் பெட்டி வருகிற நேரமெல்லாம் உன் வீட்டிலிருந்து எனக்குத்தான் போன் வரும், நான் கல்முனை தாண்டி வந்து பாஸ்வேர்ட் அடித்துவிட்டுப் போக முடியாது.