காலர் வளையும் இடம்: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு தையற்கடை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள், இரண்டு தையல் இயந்திரங்களும் துணி வெட்டும் மேசை ஒன்றும் மட்டுமே கொள்ளும் அளவுக்கு ஒரு தையற்கடை இருக்கிறது. தர்மபுரியில் ஆசிரியர் வேலை பார்க்கும் நான், கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு மணி நேரம் பேருந்தில் பயணம் செய்து அந்தக் கடைக்குப் போய்வந்து, ஐந்து சட்டைகளும் மூன்று பேண்ட்டுகளும் ஒரு கோட்டும் தைத்துக்கொண்டிருக்கிறேன். கையிலிருக்கும் வேலையே போதும் என்பதால் கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே, தெருவில் எல்லோரும் அழைப்பது போல அவரைப் பாய் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். பழையபேட்டையில் தையற்கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போகிறவர்கள் அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் அங்கே தைத்துக்கொண்டது ஐவி பாணி உடுப்பு. ஐவி என்பது அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய 8 பல்கலைக்கழகங்களைக் குறிக்கும் பெயர். விளையாட்டுப் போட்டிகளுக்காக அவை 1954-இல் முறைப்படி ஒரு குழுவாயின என்றாலும், அந்த வளாகங்களில் வேரூன்றிய உடுப்பு அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. 1818-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட புரூக்ஸ் பிரதர்ஸும், 1902-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஊரான நியூ ஹேவனில் தொடங்கப்பட்ட ஜே. பிரஸ்ஸும் அதை வளர்த்தெடுத்த கடைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1944-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உதவித்தொகையில் படிக்க வந்த முன்னாள் படைவீரர்கள், படையில் போட்ட காக்கிப் பேண்ட்டையே வகுப்புக்கும் போட்டுக்கொண்டு வர, அதுவும் அந்த உடுப்போடு சேர்ந்துகொண்டது. தோளில் பஞ்சு திணிக்காத கோட்டு, விறைப்பில்லாத காலர், இடுப்பை இறுக்காத வெட்டு என்று எல்லாவற்றிலும் மென்மையே இதன் இலக்கணம். எந்தச் சட்டைக்கும் எந்தப் பேண்ட்டும் பொருந்தும். துணி பழகப் பழக அழகு கூடும். நாள் முழுவதும் கரும்பலகைமுன் நின்றுவிட்டு, அதே உடையில் மாலையில் காய்கறிச் சந்தைக்கும் போய் வருகிற எனக்கு இதைவிட ஏற்ற உடுப்பு வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

இதைக் கடையில் ஆயத்த ஆடையாக வாங்க முடியாதா என்று முதலில் நானும் தேடினேன். ஐவிச் சட்டைக்கு உரிய, முனைகளைப் பொத்தானால் சட்டையோடு பிணைக்கும் பட்டன் டவுன் காலர் என்று சொல்லி விற்கப்படும் சட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காலர் முனை குட்டையாகவும், உள்ளே விறைப்புத் துணி ஒட்டியும் இருந்தது. இரண்டு முனைகளிலும் பொத்தான் போட்டதும் காலர் அட்டையைப் போல நெஞ்சில் ஒட்டிக் கிடந்தது. பேண்ட்டுகளோ முழங்காலுக்குக் கீழே காலைப் பிடித்தன. இவற்றை ஐவி என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாய்க்கு இப்போது அறுபதைத் தாண்டிய வயது. பெங்களூர் சிவாஜி நகரில் பதினோரு ஆண்டுகள் கோட்டுத் தையல் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். நான் முதலில் கொண்டுபோனது, பர்கூர்ச் சந்தையில் மீட்டர் 380 ரூபாய்க்கு வாங்கிய வெளிர்நீல ஆக்ஸ்ஃபோர்டு துணி. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டு, சற்றுப் பருத்த ஊடை இழையைக் குறுக்கே ஓட்டி நெய்வது ஆக்ஸ்ஃபோர்டு. பாவு நீலமும் ஊடை வெள்ளையுமாக இருப்பதால், தள்ளி நின்று பார்த்தால் ஒரே நிறமாகவும், கிட்டத்தில் பார்த்தால் கூடை முடைந்தது போலப் புள்ளி புள்ளியாகவும் தெரியும். இழைகளுக்கிடையில் காற்றுப் புகும். சித்திரை வெயிலிலும் துணி உடம்பில் ஒட்டாது. பன்னா, அதாவது துணியின் அகலம், 58 அங்குலம் என்பதால் 1.60 மீட்டர் போதும் என்றார்.

அந்த முதல் சட்டையில் தவறு நேர்ந்தது. உடலும் கையும் சரியாக அமைந்திருந்தன. காலரில் மட்டும் வழக்கப்படி பக்ரம் என்னும் விறைப்புத் துணி வைத்து, அயர்ன் போட்டு விறைப்பாக்கியிருந்தார். ஏன் எல்லோரும் இப்படியே தைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "காலர் நிமிர்ந்து நிக்கலைன்னா தைக்கத் தெரியாதவன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க சார்" என்றார். இந்தக் காலரின் பிறப்பை அவருக்குச் சொன்னேன். 1896-இல் புரூக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் புரூக்ஸ் இங்கிலாந்தில் போலோ ஆட்டம் பார்த்தபோது, குதிரை ஓடும் வேகத்தில் காலர் முனை முகத்தில் அடிக்காமலிருக்க வீரர்கள் அதைப் பொத்தானால் பிணைத்திருந்ததைக் கண்டு, அதையே கடைச் சட்டைக்குக் கொண்டுவந்தார். பாய் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் பைக்கில் போகிறவர்களுக்கும் இது நல்லதுதான் என்றார். உண்மையும் அதுவே. அதியமான்கோட்டைப் பக்கம் எதிர்க்காற்றில் வண்டி ஓட்டும்போது இந்தக் காலர் ஒருமுறைகூடப் படபடத்ததில்லை.

பிறகு அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிளேடின் முனையால் காலரின் தையலை ஒவ்வொரு இழையாக அறுத்து, ஒட்டியிருந்த பக்ரத்தோடு மேல்துணியையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சமிருந்த துணியில் புதுக் காலர் வெட்டினார். முனை 3¼ அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன். உள்ளே, முன்பே நனைத்துக் காயவைத்த மெல்லிய மல் துணி ஒரே ஒரு மடிப்பு. தைத்து முடித்ததும் என்னைச் சட்டையைப் போடச் சொல்லி, இடமும் வலமும் திரும்பச் சொல்லி, காலர் முனை இயல்பாக விழும் இடத்தில், துணியில் குறி போடும் சாக் கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். பொத்தானை அந்தப் புள்ளியில் தைக்காமல், அதற்கு அரை அங்குலம் மேலே, கழுத்தை நோக்கித் தள்ளித் தைத்தார். அந்த அரை அங்குலம்தான் எல்லாம். முனை மேலே இழுபடும்போது நடுவில் மிஞ்சும் துணிக்குப் போக்கிடம் இல்லாமல், வெற்றிலையை நுனியைப் பிடித்து மடக்கினால் எழும்புகிற வளைவைப் போல, காலர் நெஞ்சைவிட்டு எழும்பி வளைந்து நிற்கிறது. விறைப்புத் துணி இருந்தால் இந்த வளைவு வராது. பொத்தான் கீழே இருந்தாலும் வராது. இப்போது பாயிடம் சட்டை தைக்கக் கொடுக்கும்போது காலரைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. அவரே சாக் கட்டியை எடுக்கிறார்.

இரண்டாவது சட்டைக்காக, குடியாத்தத்தில் வாங்கிய, சிவப்பும் மஞ்சளும் கருநீலமும் ஓடும் கைத்தறிக் கட்டத் துணியைக் கொண்டுபோனபோது பாய் தயங்கினார். "இது கைலித் துணியாச்சே சார், காலேஜ் பசங்க ஏதாவது சொல்லப் போறாங்க" என்றார் அக்கறையோடு. அந்தத் துணிக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் மெட்ராஸ். நிறம் ஏற்றிய நூலைக் கொண்டே கட்டங்களை நெய்வதால், உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல இருப்பது அதன் அடையாளம். யேல் பல்கலைக்கழகத்தின் பெயரே நம் கரையிலிருந்து போனதுதான். 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹூ யேல், 1718-இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 417 புத்தகங்களையும், துணிகள் அடங்கிய 9 பொதிச் சரக்கையும் அனுப்பினார். சரக்கை விற்றுவந்த பணத்துக்கு நன்றியாக அக்கல்லூரி அவர் பெயரை ஏற்றுக்கொண்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே வளாகத்து மாணவர்கள் நம் நெசவாளர்களின் கட்டத் துணியைக் கோடைக்கால உடையாக உடுத்தினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1958-இல் நடந்த இன்னொரு நிகழ்ச்சியையும் பாய்க்குச் சொன்னேன். வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் 10,000 கெஜம் மெட்ராஸ் துணி வாங்கிச் சென்று புரூக்ஸ் பிரதர்ஸுக்கு விற்றார். குளிர்ந்த நீரில் பக்குவமாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பியது உடையை வாங்கியவர்களை எட்டவில்லை. முதல் சலவையிலேயே சாயம் ஓடி, நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்தன. புகார்கள் குவிந்தபின், ஒவ்வொரு சலவையிலும் நிறம் இளகி மாறுவதே இத்துணியின் சிறப்பு என்றும், சாயம் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் உண்டு என்றும் விளம்பரம் செய்ய, துணிக்கு முன்னைவிடக் கிராக்கி கூடியது. பாய் இதை ரசித்துக் கேட்டார். கேட்டுவிட்டு என் துணியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தும் பார்த்தார். இப்போதைய சாயம், ஒட்டவில்லை.

அந்தச் சட்டையில் அவர் காட்டிய உழைப்பைத் தனியே சொல்ல வேண்டும். பொத்தான் பட்டியின் இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் சிவப்புக் கோடு முறியாமல் தொடர்கிறது. நெஞ்சுப் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். கட்டங்கள் அவ்வளவு பொருந்தியிருக்கின்றன. இதற்காகக் கால் மீட்டர் துணி அதிகம் செலவானது. கட்டத் துணி கொண்டுபோகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேண்ட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பேண்ட்டின் பாட்டம், அதாவது கால்முனைச் சுற்றளவு, 14 அங்குலமாக வந்தது. நான் கேட்டது 16½. பழைய முறைப்படி உள்ளே துணி விட்டுத் தைத்திருந்ததால் பிரித்துச் சரிசெய்ய முடிந்தது. ஆயத்தப் பேண்ட்டில் அதற்கு வழியே இருக்காது. காக்கி என்றால் தூசி நிறம் என்று பொருள். ஆனால் நம் ஊரில் அது காவலரையும் ஆட்டோ ஓட்டுநரையும் குறிக்கும் நிறமாகிவிட்டதால், அதற்கும் வெளிறிய பிஸ்கட் கலரைத் தேர்ந்தெடுத்தேன். கீழே 1¾ அங்குல மடக்கு வைத்தபின் பேண்ட்டின் விழுகை நேரானது.

கோட்டுதான் கடினமான வேலை. இந்த மாவட்டத்தில் கோட்டு என்றால் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை போடுவது. பளபளக்கும் துணி, உயர்த்திய தோள், ஒடுங்கிய இடுப்பு. ஐவிக் கோட்டு எல்லா வகையிலும் அதற்கு எதிரானது. முன்பக்கம், இடுப்பை ஒடுக்கப் பிடிக்கும் டார்ட் என்ற மடிப்புத் தையல் இல்லாமல் நேராக இறங்க வேண்டும். தோள் அணிபவரின் தோளாகவே இருக்க வேண்டும். மூன்று பொத்தான்களில் மேலிருப்பது காலரிலிருந்து இறங்கும் நெஞ்சு மடிப்போடு சுருண்டு மறைந்துகொள்ள, நடுப் பொத்தானை மட்டும் போட வேண்டும். கருநீலப் பருத்தி ட்வில்லில், முதுகில் பாதி மட்டும் லைனிங் வைத்து, மூன்று ட்ரயல் பார்த்துத் தைத்தார். இரண்டாவது ட்ரயலில் தோளிலிருந்த மெல்லிய பேடையும் எடுத்துவிடலாமா என்று அவரே கேட்டார். எடுத்தபின் கண்ணாடியில் பார்த்த உருவத்தைத்தான் நான் பல ஆண்டுகளாகப் படங்களில் பார்த்து ஏங்கியிருந்தேன். குறை ஒன்று உண்டு: பின்கழுத்தில் கோட்டின் காலர் சட்டைக் காலரைவிட்டு ஒரு நூல் விலகி நிற்கிறது. இரண்டு முறை பிரித்துத் தைத்தும் அது முழுதாகப் படியவில்லை.

இன்னொரு குறை காலக்கெடு. நண்பரின் இல்லத் திருமணத்துக்கு வேண்டும் என்று கொடுத்த கோட்டு, ரம்ஜான் நெருக்கடியில் 24 நாட்கள் தாமதமாகக் கைக்கு வந்தது. திருமணத்துக்குச் சட்டையோடு போய்வந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. முடியாது என்று முன்பே சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பேன் என்று அவரிடமும் சொன்னேன். ரசீது தருவதில்லை, அளவும் தேதியும் அவருடைய நோட்டில் இருக்கும், அவ்வளவுதான். சட்டையின் உள்தையலை ஓவர்லாக் போட்டு முடித்துவிடுகிறார். மடித்துத் தைக்க வேண்டுமென்றால் 80 ரூபாய் கூடுதல், அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அவரிடமுள்ள பிளாஸ்டிக் பொத்தான்கள் சுமார் ரகம் என்பதால் சிப்பிப் பொத்தான்களை நான் வாங்கிக்கொண்டு போகிறேன். கையால் எடுக்கும் காஜாக்களோ நெருக்கமாகவும் சீராகவும் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளில் ஒன்றுகூடப் பிரியவில்லை. கூலியாகச் சட்டைக்கு 500, பேண்ட்டுக்கு 650, கோட்டுக்கு 5,200 ரூபாய் கொடுத்தேன்.

உடுப்பை நிறைவு செய்யும், நாடா இல்லாமல் காலை நுழைத்துப் போடும் லோஃபர் காலணிக்கு ஆம்பூர் போனால் போதும். ஏற்றுமதிக்காகத் தைத்து மிஞ்சியவை நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் கிடைக்கின்றன.

பாயிடம் போகிறவர்கள், அளவு சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றையும், வீட்டிலேயே ஓர் இரவு நனைத்துக் காயவைத்த துணியையும் கொண்டுபோக வேண்டும். ரம்ஜானுக்கு முந்தைய ஒரு மாதம் எதையும் கொடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும். நான் அடுத்ததாகக் கேட்டிருப்பது சீர்சக்கர் துணியில் ஒரு கோட்டு. பாலும் சர்க்கரையும் என்ற பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சுருக்கம் நெசவிலேயே இருப்பதால் அயர்ன் வேண்டாம், உடம்பில் படியாததால் வெயிலுக்கும் இதம். சுருங்கிய துணியில் சாக் கட்டியால் போடும் கோடு நேராக நிற்குமா என்று பாய்க்குச் சந்தேகம். ஒரு மீட்டர் மட்டும் வாங்கி வாருங்கள், நனைத்து வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். வரும் சனிக்கிழமை அதற்காக பர்கூர் போகிறேன்.