புது வீட்டுக்கு ஹஸ்கியா, ராஜபாளையமா, தெரு நாயா?

கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு பலருக்கும் நாய் ஆசை வந்துவிடுகிறது. வாடகைக்கு இருந்தவரை ஓனர் விடவில்லை, இப்போது கேட்க ஆளில்லை. ஓசூர்ப் பக்கம் புதிதாக எழும்பும் லேஅவுட்களில் அந்த ஆசை பெரும்பாலும் குளிர்நாட்டு நாயான ஹஸ்கியில் போய் நிற்கிறது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அங்குள்ள காப்பகங்களுக்குக் கைவிடப்பட்ட ஹஸ்கிகள் வந்து சேர்கின்றன. காசு கொடுத்து வாங்காமல் ஒரு ஜீவனுக்கு வீடு கொடுக்கிறோமே என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும்.

குட்டி ஹஸ்கியை விலைக்கு வாங்குவதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. நம் வெயிலுக்கு ஒத்துவராத குளிர்நாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்று 2024-இல் வந்த தமிழக அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஹஸ்கியும் இருக்கிறது. ஆனால் காப்பகத்து ஹஸ்கி கதை வேறு. அது ஏற்கெனவே இங்கே ஒரு வீட்டில் வளர்ந்து, வெளியே தள்ளப்பட்ட நாய். யாராவது ஒருவர் அதை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஒருவர் நீங்களா என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலில் பாதி உங்கள் ஊரிலும், மீதி உங்கள் காம்பவுண்டு சுவரிலும் இருக்கிறது.

முதலில் ஊர். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சூளகிரி தாண்டிக் கீழே இறங்கினால் கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி, தருமபுரியும் கிட்டத்தட்ட அதே அளவு. ஓசூரில் சித்திரை மாதத்திலும் ராத்திரி காற்று கொஞ்சம் இறங்கிவிடும். தருமபுரியில் மொட்டை மாடிச் சூடு விடியும்வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஹஸ்கியோ சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய். உடம்பில் இரண்டு அடுக்கு முடி. நாய்க்கு நம்மைப் போல வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பமே 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 'மொட்டை அடித்துவிட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும், முடியும் பழையபடி வளராமல் போகலாம்.

ஆக, ஏசி. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றேகால் யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். பகல் பதினொன்றிலிருந்து ஐந்து வரை ஓட்டினால் இரண்டு மாத ரீடிங்கில் அது மட்டுமே 450 யூனிட். வீட்டுச் செலவும் சேர்ந்தால் 500 தாண்டி அடுத்த ஸ்லாப்புக்குப் போய்விடும். வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர்கள் இதைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. கரண்ட் போனால் சாதாரண இன்வெர்ட்டர் ஃபேனைத்தான் தாங்கும், ஏசியைத் தாங்காது. இருவரும் வேலைக்குப் போகிற வீடென்றால் அந்த நேரத்தில் நாயைப் பார்க்க யார் இருப்பார்கள்?

அடுத்து சுவர். 'அஞ்சடி போதும் சார்' என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். திருடனுக்குப் போதும், ஹஸ்கிக்குப் போதாது. சுவரோரம் மிச்சமான ஹாலோ பிளாக்கை அடுக்கி வைத்திருந்தால் அதுதான் அதற்குப் படிக்கட்டு. கேட்டுக்கு அடியில் மண்தரையாக இருந்தால் தோண்டியே போய்விடும். கான்கிரீட் போட்டு அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். ஓடினால் கூப்பிட்டதும் திரும்புகிற இனமும் இல்லை. பக்கத்துக் காட்டில் ஆடோ நாட்டுக்கோழியோ இருந்தால் பஞ்சாயத்து நிச்சயம். இவ்வளவுக்கும் காவல் காக்குமா என்றால், வருகிறவன் எவனாயிருந்தாலும் வாலாட்டும். குரைப்பதும் குறைவு. ராத்திரியில் ஊளையிடும். ஊளை கேட்டால் கெட்டது நடக்கும் என்று நம்புகிற பாட்டி பக்கத்து வீட்டில் இருந்தால், புது வீட்டுக்காரர்களின் நல்ல பெயர் முதல் மாதத்திலேயே போய்விடும்.

காவலுக்குத்தான் நாய் என்றால் ராஜபாளையம் வேறு ரகம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாட்டு நாய் இனங்களில் அதுவும் ஒன்று. வெயிலைத் தாங்கும், முடி கொட்டுவதும் குறைவு. ஆனால் ஓடி வேட்டையாடிப் பழகிய இனம். இரண்டு சென்ட் போர்டிகோவில் கட்டிப்போட்டால் முரடாகும், அந்நியரை விடவே விடாது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கொரியர் பையன் என்று நாள் முழுக்க ஆள் வருகிற வீட்டுக்கு ஒத்துவராது. தென்னந்தோப்போ மாந்தோப்போ இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல நாய் இல்லை. வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. குட்டி எடுக்கும்போது அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

லாப்ரடாரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், கொடுத்ததையெல்லாம் தின்று குண்டாகும், பிறகு இடுப்பு மூட்டு வலியில் அவதிப்படும்.

மிச்சம் இருப்பது தெரு நாய். என் ஓட்டு இதற்குத்தான், அதிலும் குட்டிக்கு அல்ல, இரண்டு மூன்று வயதான நாய்க்கு. குட்டியில் குணம் தெரியாது. வளர்ந்த நாயிடம் எல்லாம் வெளியே தெரிந்துவிடும்: குழந்தையைக் கண்டால் ஒதுங்குகிறதா, தட்டில் கை வைத்தால் உறுமுகிறதா, வண்டியைத் துரத்துகிறதா. வீடு கட்டும்போதே மணல் குவியலில் படுத்து, வாட்ச்மேன் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த நாய் பல சைட்டுகளில் இருக்கும். அதற்கு உங்களையும் தெரியும், தெருவையும் தெரியும். ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து, கருத்தடை, உண்ணிக்கு மருந்து, இவ்வளவுதான் ஆரம்பச் செலவு. உண்ணிக் காய்ச்சல் எந்த நாயையும் விடாது, அதனால் அதில் மட்டும் அசட்டை வேண்டாம். வீட்டில் கிண்டுகிற கேழ்வரகுக் களியில் உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைப் பிசைந்து வைத்தால் தின்றுவிடும். வெந்த எலும்பு மட்டும் கூடாது. குறை என்றால், தெருவில் சுற்றிய கால் வீட்டுக்குள் அடங்க மாதக்கணக்கில் ஆகும். முதல் சில வாரம் கேட் திறந்தால் பழைய கூட்டத்தைத் தேடிப் போய்விடும்.

இவ்வளவு படித்த பிறகும் ஹஸ்கிதான் வேண்டும் என்கிறவர்கள் இருப்பார்கள். ஓசூரில், பகலில் வீட்டில் ஆள் இருந்து, ஆறடிச் சுவரும் விடியற்காலை ஒரு மணி நேர ஓட்டமும் முடியும் என்றால் தாராளமாக எடுக்கலாம். தருமபுரிக்கு நான் சொல்ல மாட்டேன். காப்பகத்தில் கேட்க வேண்டியதும் வயதை அல்ல: முந்தைய வீடு ஏன் விட்டது, போன கோடையை எங்கே கழித்தது, பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறது, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா. முடிந்தால் இரண்டு வாரம் தற்காலிகமாக வளர்த்துப் பார்க்கக் கேளுங்கள். கூட்டி வருவது கார்த்திகையில் இருக்கட்டும். தீபாவளி வெடிச் சத்தமும் ஓய்ந்திருக்கும், பங்குனி வெயிலுக்கு முன் சுவரின் ஓட்டைகளையெல்லாம் அதுவே உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கும்.