கான்கிரீட்டா, ஓடா, தகரமா: வெயில் நாட்டுக் கிராமத்தில் ஒரு சிறிய வீடு

வீடு கட்டப் போகிறவர்கள் மற்றவர் கட்டிய வீடுகளைச் சுற்றிப் பார்ப்பது பெரும்பாலும் காலை பத்து மணி வாக்கில். அந்த நேரத்தில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். அதே வீட்டை இரவு பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். கிராமத்து வாழ்க்கையில் பகலின் பெரும்பகுதி வெளியே கழிந்துவிடுகிறது. வீட்டுக்குள் நெடுநேரம் இருப்பது இரவில்தான். அதனால் இங்கே எல்லாவற்றையும் இரவை வைத்தே எடை போடுகிறேன். சுமார் 50 சதுர மீட்டர், அதாவது 540 சதுர அடி, ஒரே தளம், ஏசி கிடையாது, கரண்ட் வந்து வந்து போகும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கூரை. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. மற்ற நாட்களிலும் நடுப்பகலில் பெரிதாகச் சாய்ந்துவிடுவதில்லை. ஆகவே ஒற்றைத் தள வீட்டில் வெயிலின் பெரும்பங்கு கூரை மேல்தான் இறங்குகிறது. வடக்கு, தெற்குச் சுவர்களுக்குக் கூரையை நீட்டிவிட்டாலே நிழல் கிடைத்துவிடும். செங்கல்லா மண்கல்லா என்று மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் கூரையை முடிவு செய்த பிறகு போதும்.

கான்கிரீட் தளத்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. புயலில் பறக்காது. மேலே ஏறி எதையும் காயவைக்கலாம். நாளைக்கு மாடி எடுக்கலாம். போடத் தெரிந்த ஆட்கள் எங்கும் கிடைப்பார்கள். சிக்கல் அதன் கனத்தில் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 240 கிலோ. பகல் முழுக்க வெயிலைக் குடிக்க அந்தக் கனம் போதும். குடித்ததை விடியும்வரை உள்ளே விடாமல் பிடித்து வைக்கப் போதாது. உச்சி வெயிலின் சூடு சில மணி நேரம் கழித்து, சரியாக நீங்கள் வீடு திரும்பும் வேளையில், உள்கூரைக்கு வந்து சேர்கிறது. படுக்கும் முன் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், கூரை இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். மின்விசிறி அந்த வெக்கையைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மருந்தும் உண்டு. வெள்ளை அடிப்பது மிக மலிவானது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தூசியும் பாசியும் படிந்து கறுக்கக் கறுக்க மறுபடி அடிக்க வேண்டும். இன்னொன்று, கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை அடுக்கிவிட்டால் கான்கிரீட்டும் மிச்சம், எடையும் குறைவு, சூடும் கொஞ்சம் தணியும். எந்தத் தளமாக இருந்தாலும் கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை, வைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கம்பி சென்ட்ரிங் பலகையை ஒட்டிக் கிடந்தால் சில மழைக்காலங்களில் துரு பிடித்து உப்பி, உள்கூரைப் பூச்சு பாளம் பாளமாக விழும். உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் இது இன்னும் சீக்கிரம்.

ஓடு வேறு ரகம். சதுர மீட்டருக்கு 40, 50 கிலோதான். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள சந்துகளில் சூடான காற்று தானாகவே வெளியேறுகிறது, பொழுது சாய்ந்ததும் ஓடும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. பத்து மணிப் பரீட்சையில் எளிதாகத் தேறும். ஓர் ஓடு உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்; கான்கிரீட்டில் இது நடக்காது. ஆனால் ஓட்டின் கதை முழுக்க மரத்தின் கதை. கைமரமும் ரீப்பரும் வைரமுள்ள மரமாக இல்லாவிட்டால் கரையான் தின்றுவிடும். நல்ல மரம் கிடைக்காத இடத்தில் இரும்புக் குழாயில் சட்டம் போடுவதே மேல். அழகு குறையும், ஆயுள் கூடும். சாய்வு 25 முதல் 30 டிகிரியாவது வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று சாய்வைக் குறைத்தவர்கள் சாரல் அடிக்கும்போதெல்லாம் கட்டிலை நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

தகரத்தை ஏழைக்கு வேறு வழியில்லாத கூரை என்று ஒதுக்குவது நியாயமில்லை. 1829இல் ஹென்றி ராபின்சன் பால்மர் லண்டனில் காப்புரிமை வாங்கிய எளிய யோசனை அது: தட்டைத் தகட்டை அலை அலையாக மடித்தால் அதற்கு விறைப்பு வந்துவிடும். அரை மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு நான்கு கிலோ சொச்சம். லாரி போகாத இடத்துக்குத் தலைச்சுமையாகவே கொண்டுபோகலாம். பகலில் வெறும் தகரத்தின் கீழே உட்கார முடியாது, அது உண்மை. ஆனால் சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் முழுக்க ஆறிவிடுகிறது. இரவுக் கணக்கில் வெறும் கான்கிரீட்டைத் தாராளமாக முந்துகிறது. சொல்லப்போனால் அளவுக்கு மீறியே ஆறுகிறது. தெளிந்த வானமுள்ள இரவில் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அடிப்பக்கம் ஈரம் கோத்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும்.

பகல் சூடு, சொட்டு, மழைச் சத்தம் மூன்றுக்கும் ஒரே பதில் சீலிங். மூங்கில் பாயோ பலகையோ, தகரத்துக்கு ஒரு முழம் கீழே அடித்து, இறவாரத்திலும் முகட்டிலும் காற்று போய்வர வழி விட்டால், வெள்ளைத் தகரக் கூரை ஓட்டுக்குச் சமமாக நிற்கும். கட்டடக் கலைஞர் கிளென் மர்கட் ஆஸ்திரேலியாவின் வட கோடியில் 1994இல் முடித்த மரிக்கா ஆல்டர்ட்டன் வீட்டுக்கும் தகரக் கூரைதான். ஜன்னல்களில் கண்ணாடியே இல்லை, தூக்கித் திறக்கும் பலகைகள் மட்டும். தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது, கூரை மேல் வரிசையாகச் சூடான காற்றை வெளியேற்றும் குழாய்கள்.

தகரத்தின் உண்மையான பலவீனம் காற்று. புயல் கூரையை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சி இழுப்பதே அதிகம். அதனால் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் திருகாணிகளை நெருக்கி அடிக்க வேண்டும். சட்டத்தைச் சுவரின் தலையில் சுற்றி ஓடும் பெல்ட் கான்கிரீட்டோடு கம்பியால் பிணைக்க வேண்டும். நான்கு பக்கமும் சாய்ந்த கூரை, இரண்டு பக்கம் மட்டும் சாய்ந்ததைவிடப் புயலை நன்றாகத் தாங்கும்.

கீற்றும் புல்லும் வெப்பத்துக்கு எல்லாவற்றையும்விட நல்லவை. தீயும் அடிக்கடி மாற்றும் வேலையும்தான் தடை, தாழ்வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டவே வேண்டாம். அதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

என் தேர்வைச் சொல்கிறேன். நல்ல சட்டம் போட முடிந்தால் ஓடு, இல்லையென்றால் சீலிங்கோடு தகரம். புயல் வரும் இடமென்றால் குளியலறையும் சாமான் அறையும் சேர்ந்த ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும் கான்கிரீட் போடுங்கள். மேலே தண்ணீர்த் தொட்டி வைக்கலாம், புயலன்று எல்லோரும் உள்ளே ஒதுங்கிக்கொள்ளலாம். வீடு முழுக்க மாடிக்கென்று தளம் போட்டுவிட்டு, அந்த மாடியை எடுக்காமலே இருபது வருஷம் வெந்துகொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்!

மழைநீரையும் இதோடு பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் பெய்தால் 50 சதுர மீட்டர் கூரையில் 50,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 40,000 கைக்கு வரும். தகரம் தருவதுதான் சுத்தமான தண்ணீர். கீற்றிலிருந்து வருவது பழுப்பாக இருக்கும்.

சுவரில் கேள்வி கனமா லேசா என்பதுதான். பதில் உங்கள் இரவில் இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் 12, 15 டிகிரி வித்தியாசம் இருக்கும் வறண்ட உள்நாட்டில் ஒன்பது அங்குலச் சுவரோ அதைவிடத் தடித்த மண்சுவரோ நல்லது. இரவுக் காற்று சுவரைக் குளிர்விக்கும். பகலில் ஜன்னலைச் சாத்தி வைத்தால் அந்தக் குளிர்ச்சி பிற்பகல் வரை தாங்கும். ஐந்தாறு டிகிரியே இறங்கும் புழுக்கமான இடத்தில் கனத்தால் லாபமில்லை. அங்கே காற்றோட்டம்தான் எல்லாம்: நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால் உடம்புக்குச் சுமார் மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால்தான் அந்தக் காற்று ஓடும். ஸ்லைடிங் ஜன்னலை இங்கே வாங்காதீர்கள், எப்போதும் பாதிதான் திறக்கும்.

பொருளைப் பொறுத்தவரை, செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, நடுவே இடம் விட்டு அடுக்கும் எலிவளைக் கட்டில் வைத்தால் கால்வாசிக் கல் மிச்சமாகும், நடுவிலுள்ள காற்றிடம் சூட்டையும் தடுக்கும். கிடைக்கும் மண்ணில் மணல் போதுமான அளவு இருந்தால் அழுத்திய மண்கல் அருமையானது. 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் கலந்தால் போதும், சூளையே வேண்டாம். அந்தக் கல்லை அழுத்தும் கைநெம்பு அச்சு இயந்திரம் 1950களில் கொலம்பியாவில் உருவானது, இன்றும் அதே தத்துவம்தான். ஒரே நிபந்தனை, கூரை இறவாரம் மூன்றடியாவது வெளியே நீள வேண்டும்.

கையில் மிஞ்சிய காசுக்கு இன்னோர் அறையா, அகலமான தாழ்வாரமா? யோசிக்காமல் தாழ்வாரம் என்பேன். மாலை வெயில் தாழ்ந்து வருவதால் மேற்குச் சுவரில் சன்ஷேடு எதையும் தடுப்பதில்லை; எட்டடித் தாழ்வாரம் தடுக்கும். மழையில் வேலை செய்ய, புழுக்கத்தில் படுக்க, சாமான் போட எல்லாவற்றுக்கும் அதுவே இடம். ஐந்தடிக்குக் குறைந்தால் வெறும் நடைபாதையாகிவிடும். அதன் கூரையை வீட்டுக் கூரையோடு ஒட்டாமல் தனியாகக் கட்டுங்கள். புயலில் போனால் அது மட்டும் போகட்டும்.

தரைக்கு, மண் உறுதியாக இருந்தால் இரண்டடிப் பேஸ்மட்டம். வெள்ளம் தேங்கினால் தூண் மேல் வீடு. தூண் தலையில் தகட்டுத் தொப்பி வைத்தால் கரையான் மறைந்து ஏற முடியாது, ஏறினாலும் மண்பாதை கண்ணில் பட்டுவிடும்.

விறகு அடுப்பு எரியும் வீட்டில் சமையலறை தனியாக இருப்பதே நல்லது, புகையும் சூடும் படுக்கும் இடத்துக்கு வராது. கேஸ் மட்டும்தான் என்றால் உள்ளேயே இருக்கட்டும். தனியாகக் கட்டினால் காற்று எந்தப் பக்கமாக வீட்டைவிட்டுப் போகிறதோ அந்தப் பக்கம் கட்டி, நடுவில் நனையாமல் போய்வர ஒரு கூரை போடுங்கள். அந்தக் கூரை இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே அடுப்பு வீட்டுக்குள் வந்துவிடும்.