லிங்க்ட்இனில் வந்த ‘ஹெச்ஆர்’, ஐந்து நாளில் போன 27,350 ரூபாய்

குரோம்பேட்டைப் பையன் ஒருவன். இந்த ஆண்டு பி.இ. முடித்துவிட்டு வேலை தேட லிங்க்ட்இனில் கணக்குத் தொடங்கியவன். திங்கட்கிழமை ஒரு ‘ஹெச்ஆர்’ தொடர்புகொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்று தவணையாக 27,350 ரூபாய் போய்விட்டது. கடைசித் தவணை 18,000, அவன் அம்மா கம்மலை அடகு வைத்துக் கொடுத்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. ப்ரொஃபைலைப் பார்த்தான், வெப்சைட்டைப் பார்த்தான், ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டுப் பேசினான். ஆனால் வெப்சைட் லிங்க்கை அனுப்பியது அவர்கள். நம்பரைக் கொடுத்ததும் அவர்கள். ஏமாற்றுகிறவன் நீட்டிய சான்றை வைத்தே அவனைச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். படித்த பிள்ளைகள் விழுவது இந்த ஓட்டையில்தான். ஆகவே கம்பெனியை நீங்களே தேடிப் போய் விசாரிக்க வேண்டும், அவர்கள் காட்டும் வழியில் போகக் கூடாது.

நடந்தது இதுதான். ப்ரொஃபைல் போட்டோவைச் சுற்றி ‘ஓப்பன் டு வொர்க்’ பச்சை வளையம் போட்டிருந்தான். பெயர் தெரிந்த ஒரு ஐடி நிறுவனத்தின் ஹெச்ஆர் என்று கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட் வந்தது. “ஃப்ரெஷர் பேட்ச், 4.2 லட்சம் சிடிசி, ஓஎம்ஆர் லொக்கேஷன், வாட்ஸ்அப் நம்பர் அனுப்புங்க” என்று மெசேஜ். சிடிசி என்றால் வருடத்துக்கான மொத்தச் சம்பளக் கணக்கு. மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கூகுள் ஃபார்ம். அதில் ஆதார், பான், மார்க்‌ஷீட், அப்பாவின் தொழில் எல்லாம் கேட்டு, கடைசியில் 1,850 ரூபாய் ரிஜிஸ்ட்ரேஷன். புதன்கிழமை கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு 20 நிமிட இன்டர்வியூ. அன்று இரவே ஆஃபர் லெட்டர், கூடவே லேப்டாப்புக்கு டெபாசிட் 7,500. வெள்ளிக்கிழமை ‘பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன்’ என்று 18,000. “மூணும் முதல் மாசச் சம்பளத்தோட திரும்ப வந்துடும் தம்பி, நாலு ஸ்லாட்ல ரெண்டு தான் பாக்கி” என்றார்கள். சனிக்கிழமை நம்பர் அணைந்துவிட்டது. லிங்க்ட்இன் உரையாடலில் அந்தப் பெயர் இருந்த இடத்தில் ‘லிங்க்ட்இன் மெம்பர்’ என்று மட்டும் இருந்தது.

முதல் தொகை சின்னதாக இருப்பது கணக்குப் போட்டுச் செய்வது. 1,850 கட்டியவன், அது வீணாகிவிடக் கூடாதே என்று 7,500 கட்டுவான்.

முதலில் ப்ரொஃபைல். லிங்க்ட்இனில் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் எந்தக் கம்பெனியில் வேலை செய்வதாகவும் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதியதுமே கம்பெனிப் பக்கத்தின் ‘பீப்பிள்’ பட்டியலிலும் அவர் வந்துவிடுவார். ஆகவே அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது சான்று ஆகாது. ப்ரொஃபைலில் பெயருக்குக் கீழே உள்ள ‘மோர்’ பொத்தானை அழுத்தி, ‘அபவுட் திஸ் ப்ரொஃபைல்’ என்பதைத் திறங்கள். கணக்கு எந்த மாதம் எந்த ஆண்டு தொடங்கியது, போட்டோ எப்போது மாறியது, எது சரிபார்க்கப்பட்டது என்று இருக்கும். எட்டு வருட அனுபவம் உள்ள ஹெச்ஆர் மூன்று மாதம் முன்புதான் கணக்குத் தொடங்கினார் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். வெரிஃபிகேஷன் அடையாளத்திலும் இரண்டு வகை உண்டு. ஆதார் வழியாக அடையாளம் சரிபார்த்தது ஆளின் பெயரை மட்டும்தான் உறுதி செய்யும். ஆபீஸ் மெயில் வழியாகச் சரிபார்த்ததுதான் அவர் அந்தக் கம்பெனி ஆள் என்பதற்குக் கொஞ்சமாவது ஆதாரம். எந்த அடையாளமும் இல்லாத நல்ல ஹெச்ஆர்களும் நிறைய இருக்கிறார்கள், அது இல்லை என்பதாலேயே ஒருவரை மோசடி என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது மெயில் முகவரி. ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பதைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். கம்பெனி பெயரோடு ‘கேரியர்ஸ்’, ‘ஹெச்ஆர்’, ‘ஆன்போர்டிங்’ என்று ஒட்டுப் போட்ட முகவரி பெரும்பாலும் வேறு ஆளுடைய வீடு. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் நெருக்கி எழுதினால் போன் திரையில் எம் மாதிரியே தெரியும், அதையும் பயன்படுத்துகிறார்கள். இணைய முகவரிகளின் பதிவு விவரத்தைக் காட்டும் ‘ஹூ இஸ்’ தேடலில் அந்த முகவரியைப் போட்டால் எப்போது பதிவானது என்று வரும். இந்தப் பையனுக்கு வந்த வெப்சைட் பதிவாகி 19 நாள்தான் ஆகியிருந்தது.

ஆஃபர் லெட்டரைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவன் கையில் இருந்த கடிதத்தில் லோகோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன. முகவரி ‘சோழிங்கநல்லூர், சென்னை 600017’. சோழிங்கநல்லூருக்கு 600119. 17 தி.நகருடையது. சென்னையில் வளர்ந்த யாரும் ஒரு நொடி நின்று பார்த்தால் பிடித்துவிடலாம், ஆனால் சம்பளம் எழுதிய இடத்தைப் பார்த்த கண் முகவரிக்குப் போகாது. கம்பெனியைப் பதியும்போது அரசு தரும் அடையாள எண்ணான சிஐஎன்னுக்கு 21 எழுத்து இருக்க வேண்டும். முதலில் ‘எல்’ அல்லது ‘யு’, பிறகு தொழிலைக் குறிக்கும் ஐந்து இலக்கம், மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, தொடங்கிய ஆண்டு நான்கு இலக்கம், கம்பெனி வகைக்கு மூன்று எழுத்து, பதிவு எண் ஆறு இலக்கம். கடிதத்தில் இருந்ததை விரல் வைத்து எண்ணினால் 20 தான் வந்தது. 21 சரியாக இருந்தாலும் விட்டுவிட வேண்டாம், மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகமான எம்சிஏவின் இணையதளத்தில் கம்பெனி மாஸ்டர் டேட்டாவில் போட்டுப் பெயரும் முகவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நிஜக் கம்பெனியின் எண்ணைத் திருடிப் போடுவதும் உண்டு.

ஜிஎஸ்டி எண் இருந்தால் இன்னும் சுலபம். மொத்தம் 15 எழுத்து. தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-ல் தொடங்கும். அடுத்த பத்து எழுத்தும் பான் எண். ஆகவே ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, பானின் நான்காவது எழுத்து. அது ‘சி’ என்றால் கம்பெனி, ‘எஃப்’ என்றால் பங்குதாரர் நிறுவனம், ‘பி’ என்றால் தனிமனிதர். ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு ஆறாவது எழுத்து ‘பி’ என்றிருந்தால் வேறு விசாரணையே தேவையில்லை. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

பிறகு பணம். டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள் வேலைக்கு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. நிஜக் கம்பெனி லேப்டாப்பைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும், டெபாசிட் கேட்காது. பேக்ரவுண்டு வெரிஃபிகேஷனுக்கு ஆகும் செலவு கம்பெனியுடையது. யுபிஐயில் பணம் அனுப்பும் முன் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும். இந்தப் பையன் கட்டிய மூன்று தவணையும் மூன்று தனித்தனி ஆட்களின் பெயருக்குப் போயிருக்கின்றன. “அவர் எங்க அக்கவுண்டன்ட்” என்று பதில் வந்ததாம். யுபிஐயில் பணம் உங்களுக்கு வருவதற்கு ரகசிய ‘பின்’ (PIN) எண் எப்போதும் தேவையில்லை, ‘ரீஃபண்டுக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க’ என்றால் அது இன்னொரு திருட்டு.

இதே கதை வேறு உருவத்திலும் வருகிறது. அதில் ரொம்ப நாள் வலிப்பது ட்ரெயினிங் கடன். வேளச்சேரியிலோ ஓஎம்ஆரிலோ ஒரு மாடி ஆபீஸ். “இப்ப பணமே கட்ட வேணாம், பிளேஸ்மென்ட் ஆனதும் சம்பளத்துல பிடிச்சுக்கலாம்” என்பார்கள். கையோடு பான் எண், செல்ஃபி, ஆதார் ஓடிபி, வங்கிக் கணக்கில் ஆட்டோ டெபிட் ஒப்புதல் வாங்குவார்கள். அது ஃபீஸ் தள்ளிவைப்பு இல்லை. உங்கள் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் எடுத்த கடன். பணம் முழுதும் இன்ஸ்டிட்யூட்டுக்கு அன்றைக்கே போய்விடும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இஎம்ஐ ஓடும், ஒரு தவணை தவறினால் சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவில் விழும். டிஜிட்டல் கடனுக்கு வட்டி, கட்டண விவரம் உள்ள ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடனிலிருந்து பின்வாங்க விடும் ‘கூலிங் ஆஃப்’ காலத்துக்குள் அசலையும் அதுவரையிலான வட்டியையும் கட்டினால் அபராதமில்லாமல் வெளியே வரலாம். அந்தக் காலம் குறுகியது, அன்றைக்கே தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எந்தக் கன்சல்டன்சியிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கோடிங் தெரிந்த பிள்ளைகளுக்கு வேறு வலை இருக்கிறது. ‘அசைன்மென்ட்’ என்று, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் லிங்க்கோ ஜிப் ஃபைலோ வரும். அதை இறக்கி ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்ற கட்டளையை அடித்தவுடனே பின்னால் ஒரு நிரல் ஓடி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடும். வட கொரியாவோடு தொடர்புடைய குழுக்கள் போலி ரெக்ரூட்டர் வேடத்தில் இதைச் செய்வதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023 முதல் எழுதி வருகிறார்கள். தெரியாத கோடை பிரவுசரில் ஓடும் ஆன்லைன் எடிட்டரிலோ கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினிலோ மட்டும் ஓட்டுங்கள். நெட்பேங்கிங் லாகின் ஆகியிருக்கும் லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம். ஆப்பை நிறுவும் ஏபிகே ஃபைலையோ, உங்கள் திரையைத் தூரத்திலிருந்து இயக்க விடும் எனிடெஸ்க்கையோ போடச் சொன்னால் அப்படியே வெளியே வந்துவிடுங்கள்.

வெளிநாட்டு ‘டேட்டா என்ட்ரி’ வேலை, டூரிஸ்ட் விசாவில் தாய்லாந்து போய் அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பேச்சையே தொடராதீர்கள். அப்படிப் போனவர்கள் மியான்மர், கம்போடியா, லாவோஸ் முகாம்களில் அடைபட்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். உங்கள் வங்கிக் கணக்கைக் ‘கமிஷனுக்கு’ வாடகை கேட்டாலும் இதே பதில்தான். அந்தப் பணத்துக்குப் போலீஸ் முதலில் வருவது கணக்குக்காரர் வீட்டுக்கு.

பச்சை வளையத்தை எடுத்துவிட்டு ‘ரெக்ரூட்டர்ஸ் ஒன்லி’ என்று மாற்றுங்கள். வேலை தேடுவது எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டியதில்லை. ரெஸ்யூமேயில் ஆதார் எண், பிறந்த தேதி, கதவு எண், அப்பா பெயர் எதுவும் தேவையில்லை. ஊர்ப் பெயரும் மெயிலும் போதும். ‘ஆஃப் கேம்பஸ் டிரைவ், இன்ட்ரஸ்டட்னு கமென்ட் பண்ணுங்க’ என்ற பதிவுகளின் கீழே மொபைல் நம்பரை எழுதுவது நம்பரைத் தெருச்சுவரில் எழுதுவதற்குச் சமம். ஆதார் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். காசில்லாத நேர்வழிகளும் இருக்கின்றன: தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம், அப்ரன்டிஸ் இடங்களுக்குத் தரமணி சிஐடி வளாகத்தில் உள்ள பயிற்சி வாரியம்.

பணம் போய்விட்டால், முதல் வேலை சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன். வீட்டில் சொல்லப் பயந்து நாலு நாள் தள்ளினால் பணம் கணக்கு மாறி மாறிப் போய் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் இடையில் உள்ள கணக்கில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: யுபிஐயின் 12 இலக்க யுடிஆர் என்ற பரிவர்த்தனை எண், தொகை, நேரம், போன கணக்கு அல்லது யுபிஐ ஐடி. தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துவையுங்கள். பிளாக் செய்வதற்கு முன்னால் அந்த ஆளின் ப்ரொஃபைல் லிங்க்கைக் காப்பி செய்யுங்கள். பெயர் மறைந்த பிறகு ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்து ஆளைத் தேடுவது கஷ்டம். வாட்ஸ்அப் சாட்டை ‘எக்ஸ்போர்ட்’ செய்து மெயிலில் போட்டுவையுங்கள், அழிக்காதீர்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-யின் கீழ் வரும், மூன்று ஆண்டு வரை சிறை.

ஆதார், பான் கொடுத்தாகிவிட்டது என்றால் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, தெரியாத கடன் எதுவும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குரோம்பேட்டைப் பையன் நடந்ததை லிங்க்ட்இனில் எழுதிய அன்றே, ‘சைபர் அதிகாரி, போன பணத்தை மீட்டுத் தருகிறேன், ஃபைல் சார்ஜ் 3,000’ என்று ஒருவர் மெசேஜ் அனுப்பினார். அவன் பதில் போடவில்லை. அந்த ப்ரொஃபைலின் லிங்க்கையும் எடுத்துப் புகாரோடு சேர்த்துவிட்டான்.