ஒட்டுண்ணி அட்டையும் எறும்பும்: மூன்று வருட அனுபவம்

கரும்புக்கு டிரைக்கோகிரம்மா அட்டை, அதாவது புழுவின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிகளை வளர்த்து ஒட்டிய காகித அட்டை, கட்டலாமா என்று மச்சான் நேற்றுப் போனில் கேட்டார். அவர் வயலில் இடைக்கணுப் புழு கணுக்கணுவாகத் துளைத்திருக்கிறது. ‘வேண்டாம் மச்சான்’ என்று சட்டென்று சொல்லிவிட்டேன். மூன்று வருடமாகக் கட்டுகிறவன் இப்படிச் சொல்லலாமா என்று இரவெல்லாம் உறுத்தியது.

கணக்கு தெரிந்ததுதான்: ஏக்கருக்கு ஒரு சிசி (முட்டையை அளக்கும் கன சென்டிமீட்டர் அளவு), நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் 6 தடவை. ஒரு சிசி அட்டையில் ஏறத்தாழ 20,000 அந்துப்பூச்சி முட்டைகள், ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு குளவிக் குஞ்சு. பார்வைக்குக் கருப்பு உப்புத்தாள்தான். கதவு தேய்க்க வாங்கியது என்று நினைத்து என் மனைவி அதை ஆணி டப்பாவில் போட்டுவைத்ததும் உண்டு.

என் கோபமெல்லாம் எறும்பின் மேல்தான். முதல் வருடம் அட்டையைத் துண்டுகளாக நறுக்கி, சோகை (கரும்பின் காய்ந்த இலை) முழங்கை வரை கீறக் கீற உள்ளே புகுந்து, இலையின் அடிப்பக்கம் பின் அடித்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் வெறும் அட்டை. பசை மட்டும் மினுங்கியது. அடுத்த முறை நூலில் கிரீஸ் தடவித் தொங்கவிட்டேன். ஐந்து மாதக் கரும்பில் ஓர் இலை இன்னோர் இலையைத் தொடாமல் இருக்குமா? பக்கத்து இலை வழியாக வரிசை கட்டி வந்து இறங்கின. காசு கொடுத்து எறும்புக்கு விருந்து வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. மழையால் வயலுக்குப் போக முடியாமல் துண்டுகளைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தேன். விடியற்காலையில் பார்த்தால், ஜன்னல் வெளிச்சம் விழுந்த பக்கமாக மிளகுப்பொடி நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத குளவிகள்! இதுவா இலையில் செதில்போல் அடுக்கிய புழுவின் முட்டைகளைத் தேடிப்போய், அதற்குள் தன் முட்டையை இடப்போகிறது என்று அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து குளவி வெளிவரத் தொடங்கிய பிறகுதான் அட்டையைக் கட்டுகிறேன். எறும்பு மோப்பம் பிடிப்பதற்குள் பாதிக்கு மேல் பறந்துவிடுகிறது.

பலன்? புழு கரும்புக்குள் போய்விட்டால் மருந்து எளிதில் எட்டாது. முட்டையிலேயே முடிப்பதுதான் புத்திசாலித்தனம். போன வெட்டில் துளையில்லாத கரும்பு முன்பைவிட நிறையக் கிடைத்தது. ஆனால் அந்த வருடம் 5, 7 ஆம் மாதங்களில் ஒழுங்காகச் சோகையும் உரித்தேன். பாராட்டில் பாதியை அதற்கும் கொடுக்க வேண்டும்.

இந்தக் குளவி நம் வயலிலேயே இருப்பதுதானே, காசு எதற்கு என்றார் மச்சான். இருக்கிறது, ஆனால் இடைக்கணுப் புழுவின் தாய்ப்பூச்சி முட்டையிடும் வாரத்தில் போதிய அளவில் இருப்பதில்லை. கடையிலிருந்து வந்த பார்சல் ஒருமுறை வழியிலேயே குளவிகள் வெளிவந்துவிட, பிரித்தபோது செத்த தூசியாகக் கொட்டியது. அதையும் கணக்கில் சேர்த்தால் இது பொறுமைசாலிகளுக்கான பொருள். மச்சான் பொறுமைசாலி அல்ல. அவருக்கு என் பதில் இன்றும் ‘வேண்டாம்’தான்.

எனக்கு வியாழக்கிழமை அட்டை வருகிறது. அதை வைக்க பிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்தை மேல்தட்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.