பத்தமடைப் பாய்க்கும் நெல்லை அல்வாவுக்கும் ஒரே இணைய முகவரி பொருந்துமா?

திருநெல்வேலிச் சீமையில் கடையோ கைத்தொழிலோ நடத்துபவர் இணையத்தில் இடம்பிடிக்க இன்று மூன்று வழிகள் உள்ளன. சொந்தமாக ஒரு டொமைன் பெயரை, அதாவது வாடிக்கையாளர் தட்டும் இணைய முகவரியை, பதிவு செய்து இணையதளம் நடத்தலாம். கூகுள் மேப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பிசினஸ் ஆகியவற்றில் இலவசக் கணக்குத் திறந்து அதையே கடையின் முகமாக வைத்துக்கொள்ளலாம். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற சந்தைகளில் பொருளை ஏற்றிவிடலாம். எது சிறந்தது என்பது, வாங்குபவர் கடையைத் தேடி வருகிறாரா, கடை அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எனவே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் உள்ள ஓர் அல்வாக் கடையையும், பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் ஒரு குடும்பத்தையும் மனத்தில் வைத்து இவ்வழிகளை ஒப்பிடுகிறேன்.

அல்வாக் கடைக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியவர் கைபேசியில் அல்வா என்று தட்டும்போது, கடை எவ்வளவு தூரம், இப்போது திறந்திருக்கிறதா, வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பவற்றையே பார்க்கிறார். இம்மூன்றையும் கூகுள் மேப் பதிவு கட்டணமின்றிக் காட்டிவிடுகிறது. உரிமையாளர் அப்பதிவைத் தம் பெயரில் உறுதிப்படுத்தி, கடை நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் சரியாக வைத்திருந்தால் போதும். கூரியரில் வெளியூர் ஆர்டர் அனுப்பத் தொடங்கும் நாளில்தான் அவரும் பாய் நெசவாளரின் நிலைக்கு வந்து சேர்கிறார்.

அந்த நிலை சற்றுச் சிக்கலானது. கோரையை ஊறவைத்து, நுண்ணிய இழைகளாகக் கீறி, சாயமேற்றி நெய்யப்படும் பத்தமடைப் பாய், ஓர் ஊருக்கே உரிய பொருளுக்குத் தரப்படும் புவிசார் குறியீடு பெற்ற பொருள். மணமக்கள் பெயரும் திருமண நாளும் பாயிலேயே வருமாறு நெய்து வாங்குவோர் உண்டு. அத்தகைய பாய் வேண்டுமென்பவர் நெசவாளருடன் நேரடியாகப் பேசி, பெயர்களைப் பிழையின்றி எழுதி அனுப்பி, முன்பணம் செலுத்தி, நெசவு முடியும்வரை காத்திருக்க வேண்டும். பொதுச் சந்தைகள் இதற்கு ஏற்றவை என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே கைநெசவுப் பாய் ப்ளாஸ்டிக் பாய்களுக்கு நடுவே விலையை மட்டும் வைத்து ஒப்பிடப்படுகிறது, கமிஷன் போகிறது, வாங்கியவருடனான தொடர்போ சந்தையிடமே தங்கிவிடுகிறது.

இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் இந்த வேலைக்குப் பொருந்துகின்றன. தறியில் பெயர் உருவாகும் படத்தைக் காட்டவும், வாடிக்கையாளரிடம் உடனுக்குடன் பேசவும் இவற்றைவிட எளிய வழி இல்லை. ஆனால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றிலும் கணக்கு வைத்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றவை கைகொடுக்கும் என்று நினைப்பது சரியன்று. ஃபேஸ்புக் 2012-இல் இன்ஸ்டாகிராமையும் 2014-இல் வாட்ஸ்அப்பையும் வாங்கிவிட்டதால் மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருக்கின்றன. 2021 அக்டோபர் 4 அன்று அந்நிறுவனத்தின் உள்கட்டமைப்பில் நேர்ந்த தவறால் அதன் டொமைன் பெயர்களுக்கு வழிகாட்டும் சர்வர்களையே வெளியுலகம் எட்ட முடியாமல் போக, மூன்று சேவைகளும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஒன்றாக நின்றன.

அதுவாவது சில மணி நேரம். கூகுள் தன் மேப் பதிவுடன் சிறு வணிகங்களுக்கு இலவசமாக அமைத்துத் தந்த இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சிட்டிருந்தவர்கள் புதிதாக அச்சிட வேண்டியதாயிற்று. 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அங்கே சேர்த்த பின்தொடர்வோரை வேறிடத்துக்கு அழைத்துச் செல்லவும் வழியிருக்கவில்லை. கணக்கு முடங்கினால் நேரில் சென்று முறையிட பாளையங்கோட்டையில் இந்நிறுவனங்களுக்கு ஓர் அலுவலகமும் கிடையாது.

சொந்த டொமைனின் பலம் இங்கேதான் தெரிகிறது. கண்டிப்பாகச் சொன்னால் அதையும் யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கட்டணம் செலுத்தும்வரை பயன்படுத்தும் உரிமையே கிடைக்கிறது. டாட் காம் என முடியும் பெயர்களின் பதிவேட்டை அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனமும், டாட் இன் பதிவேட்டை இந்தியாவின் நிக்ஸி அமைப்பும் பராமரிக்கின்றன. இருந்தும், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம். வாடிக்கையாளர் தட்டும் முகவரி மாறாது. பிறர் அப்பெயரைப் போல ஒன்றை வைத்து ஏமாற்றினால் சட்டத்தின் துணையும் உண்டு: வணிகப் பெயர்களுக்குரிய பாதுகாப்பு டொமைன் பெயர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இவ்வழியின் பெரிய ஆபத்து நம் ஊரிலேயே இருக்கிறது. தளம் அமைத்துத் தருபவர் டொமைனைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிட்டால், பணம் கொடுத்தவர் உரிமையாளர் ஆவதில்லை. பின்னாளில் அவருடன் மனக்கசப்பு ஏற்பட்டாலோ, அவர் வேறு வேலைக்குப் போனாலோ, புதுப்பிக்கும் நினைவூட்டல் யாரும் திறக்காத அஞ்சல்பெட்டியில் கிடக்க, பெயர் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போய்விடும். பதிவில் உள்ள பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றும் குடும்பத்தினருடையவையா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டுச் சலுகை விலையைவிட இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டறிவதும் முக்கியம்.

டாட் காமா, டாட் இன்னா என்பதில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. உள்நாட்டு வாடிக்கையாளருக்கு டாட் இன் போதும். தமிழ் எழுத்திலேயே அமையும் டாட் இந்தியா முகவரி பார்வைக்கு அழகானது. பத்தமடை என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது எழும் ஒரு ‘டி’யா, இரண்டா, நடுவில் ‘ஹெச்’ உண்டா என்ற தொல்லையும் அதில் இல்லை. ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது சில இடங்களில் எக்ஸ் என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக மாறுகிறது. பல படிவங்கள் அம்முகவரியில் அமைந்த மின்னஞ்சலை ஏற்பதில்லை. ஆகவே அதை இரண்டாவது பெயராகப் பதிந்து முதல் முகவரிக்குத் திருப்பிவிடலாம்.

பெயர் இருந்தால் மட்டும் ஆள் வருவதில்லை. அங்கே விளம்பரம் நுழைகிறது, பெருநிறுவனங்களின் பிடியும் கூடவே நுழைகிறது. கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் ஏலம் நடக்கிறது. கேட்கும் தொகையோடு விளம்பரத்தின் தரத்தையும் எடைபோட்டு இடம் தருகிறார்கள். உங்கள் கடைப் பெயரையே போட்டியாளர் தேடுசொல்லாக வைத்து ஏலம் கேட்கவும் முடியும். பிறர் வணிகப் பெயரைத் தேடுசொல்லாக விற்பதில் கூகுள் வெறும் பார்வையாளர் அன்று எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கூறியது. இணைய விளம்பரத் தொழில்நுட்பச் சந்தைகள் சிலவற்றில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் செலுத்துவதாக 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றும் தீர்ப்பளித்தது. பத்தமடையிலிருந்து இந்த ஏலத்தின் விதிகளை மாற்ற இயலாது. விளம்பரக் கணக்கின் அமைப்புகளைச் சரியாக வைத்து இழப்பைக் குறைக்கலாம்.

உதாரணமாக, இடத்தைத் திருநெல்வேலி என்று குறித்தாலும், அங்கே இருப்பவர்களோடு அவ்வூரில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டுவதே கூகுளின் இயல்பான அமைப்பு. நேரில் வருபவரையே நம்பும் அல்வாக் கடைக்கு அது வீண் செலவு. உடனே மாற்றிவிட வேண்டும். பாய் நெசவாளருக்கோ சென்னையிலிருந்து தேடுபவரே வாடிக்கையாளர் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டு, யோகா மேட், ப்ளாஸ்டிக் பாய் போன்ற சொற்களை மட்டும், அவற்றைத் தேடுபவருக்கு விளம்பரம் காட்டாதிருக்கச் செய்யும் விலக்குப் பட்டியலில் சேர்ப்பது நல்லது. தை முகூர்த்தங்களுக்குக் கார்த்திகையிலும் ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆனியிலும் விளம்பரத்தைத் திறந்து, கைநிறைய ஆர்டர் சேர்ந்ததும் நிறுத்திவிட்டால், தறியால் நெய்து முடிக்க முடியாத ஆர்டர்களுக்காகக் கிளிக் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கட்டும் நிலை வராது.